டோக்கனுக்குள் வண்டி இல்லை

காட்டாங்குளத்தூர் என்று எழுதிப் பார்த்தால் நம் கணக்கில் ஒன்பது எழுத்து: கா, ட், டா, ங், கு, ள, த், தூ, ர். கணினி அப்படி எண்ணாது. அதற்கு ‘கா’ என்பது க ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறி. ‘ட்’ என்பது ட ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி எண்ணினால் ஊர்ப்பெயர் 17 குறி ஆகிறது. இந்தப் பெயரைத் தமிழிலேயே தாங்கிய ஒரு பக்கத்தின் இணைய முகவரியை நகலெடுத்து வேறு எங்காவது ஒட்டினால் கணக்கு இன்னும் ஏறும். இணைய முகவரிக்குள் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறெதுவும் நேராக நுழைய முடியாது. அதனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறுகிறது. 17 குறி 51 பைட். 51 பைட் 153 எழுத்து. ஒன்பது எழுத்து ஊர் 153 எழுத்துக்கு நீண்டுவிட்டது.

இதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பப் பார்ப்போம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம் உண்டு. அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் வேறு முறைக்கு மாறி, இடம் 70 ஆகக் குறைந்துவிடும். நீளமான செய்தியைத் துண்டு துண்டாக அனுப்பினால் துண்டுக்கு 67தான். ஆகத் தமிழ்ச் செய்தியில் இந்த முகவரி மட்டுமே மூன்று எஸ்எம்எஸ் காசைத் தின்றுவிடும். “இன்று முதல் மதியச் சாப்பாடு ஆரம்பம்” என்று சொல்ல வந்தவருக்கு, சொல்வதற்கு முன்பே செலவு. தமிழில் எழுதுகிறவர்களுக்கு முகவரியைக் குட்டியாக்கும் தேவை மற்றவர்களைவிடச் சற்று அதிகம். தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைப் பக்கங்களுக்குக் குறும் முகவரி கொடுக்கும் ஏற்பாடு வந்ததும் இதனால்தான்.

முகவரியைக் குட்டியாக்கும் வசதியைப் பரவலாக்கியவர் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டும் ஆர்வலர் ஒருவர். கெவின் கில்பர்ட்சன் என்ற அமெரிக்கர், தம் சைக்கிள் நண்பர்களின் குழுவில் பகிர்ந்த நீளமான முகவரிகள் வரி மடிந்து உடைந்துபோவதைப் பார்த்து, 2002 ஜனவரியில் டைனியுஆர்எல் என்ற சேவையைத் தொடங்கினார். 2008இல் பிட்லி வந்தது. அன்று 140 எழுத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டியிருந்த ட்விட்டரால் இந்த ஷார்ட் லிங்க்குகள் உலகம் முழுக்கப் பழக்கமாயின. இன்று வங்கிச் செய்தி, கூரியர் செய்தி, கல்லூரி அட்மிஷன் விளம்பரம், கல்யாண மண்டபத்துக்கு வழி காட்டும் மேப் என்று எதைத் திறந்தாலும் ஆறேழு எழுத்தில் முடியும் முகவரி ஒன்று இருக்கிறது.

நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைப் பற்றித் தவறாக நினைப்பது ஒரே ஒரு இடத்தில்தான். நீளமான முகவரியை யாரோ அமுக்கிச் சுருக்கி அந்த ஆறு எழுத்துக்குள் வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறோம். ‘சுருக்கிய லிங்க்’ என்று சொல்லும்போதே அந்தப் படம் மனத்தில் வந்துவிடுகிறது. கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். 40 எழுத்து முகவரியைக் கொடுத்தாலும் ஆறேழு எழுத்துதான் வருகிறது. 400 எழுத்து முகவரியைக் கொடுத்தாலும் அதே ஆறேழுதான். அமுக்குவதாக இருந்தால் பெரியது கொஞ்சம் பெரிதாகவும் சிறியது கொஞ்சம் சிறிதாகவும் வர வேண்டாமா? மேலும், அந்த ஆறு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எவ்வளவு பெரிய கணித மேதையிடம் போனாலும் மூல முகவரியை அவரால் சொல்ல முடியாது. காரணம், அது அந்த ஆறு எழுத்துக்குள் இல்லவே இல்லை.

அப்படியானால் எங்கே இருக்கிறது? தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டூவீலர் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஸ்டாண்ட்காரர் ஒரு டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். அதில் ஓர் எண் இருக்கிறது, அவ்வளவுதான். டோக்கனுக்குள் வண்டி இல்லை. வண்டியைச் சுருக்கி அவர் டோக்கனாக்கவும் இல்லை. எந்த எண்ணுக்கு எந்த வண்டி, எந்த வரிசை என்பது அவருடைய நோட்டில் இருக்கிறது. மாலையில் டோக்கனை நீட்டினால் நோட்டைப் பார்த்து, “மூணாவது வரிசை, தூண் ஓரம்” என்று கையைக் காட்டுகிறார். ஷார்ட் லிங்க்கும் இதே மாதிரி ஒரு டோக்கன்தான். எந்த டோக்கனுக்கு எந்த முகவரி என்று எழுதிய நோட்டு, வேறொருவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. சொல்ல வந்த விஷயம் மொத்தமும் இதற்குள் அடங்கிவிட்டது. கிளிக்கை எண்ணுவது, ஏமாற்றுவது, ஒருநாள் லிங்க் செத்துப்போவது எல்லாமே அந்த நோட்டிலிருந்து கிளம்புபவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஆறு எழுத்து எப்படி உலகத்துக்கே போதும் என்ற கேள்வி. ஆங்கிலச் சின்ன எழுத்து 26, பெரிய எழுத்து 26, எண்கள் 10, மொத்தம் 62. ஒவ்வோர் இடத்திலும் இந்த 62இல் எதுவும் வரலாம் என்றால், ஆறு இடத்துக்கு 62ஐ ஆறு தடவை தன்னோடு பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 5,680 கோடி டோக்கன் கிடைக்கிறது. ஏழாவதாக ஓர் எழுத்தைச் சேர்த்தால் மூன்றரை லட்சம் கோடி. சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வெவ்வேறு என்பதால்தான், யாராவது போனில் வாசித்துச் சொல்லும் ஷார்ட் லிங்க்கை நாம் கையால் தட்டும்போது அது அடிக்கடி வேறெங்கோ போகிறது அல்லது எங்குமே போகாமல் நின்றுவிடுகிறது.

அடுத்து, லிங்க்கைத் தொட்டதும் என்ன நடக்கிறது? நம் போனில் உள்ள பிரவுசர் முதலில் நாம் போக நினைத்த கடைக்குப் போவதில்லை. டோக்கனை எடுத்துக்கொண்டு நோட்டு வைத்திருப்பவரிடம் போகிறது. அவர் நோட்டைப் புரட்டி, “நீ கேட்டது இங்கே இல்லை, இந்த முகவரிக்குப் போ” என்று ஒரு பதில் அனுப்புகிறார். இதற்கு ரீடைரக்ட், அதாவது வழிமாற்றம் என்று பெயர். பிரவுசர் அந்தப் பதிலைப் படித்து, மறுபடி கிளம்பிச் சரியான இடத்துக்குப் போகிறது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் இரண்டு பயணம். முகவரி குட்டியாகிவிட்டது, ஆனால் வழி ஒரு நிறுத்தம் கூடிவிட்டது.

அந்தப் பதிலில் ஓர் எண்ணும் இருக்கும். பெரும்பாலும் 301 அல்லது 302. 301 என்றால் ‘நிரந்தரமாக மாறிவிட்டது’, 302 என்றால் ‘இப்போதைக்கு அங்கே போ’. பார்க்க அற்ப வித்தியாசம். ஆனால் நிரந்தரம் என்று சொல்லிவிட்டால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை நோட்டுக்காரரிடம் போகாமலே நேராகப் போய்விடலாம். அப்படிப் போனால் இரண்டாவது கிளிக் யார் கணக்கிலும் ஏறாது. அதனால்தான் எண்ணிக்கை முக்கியம் என்று நினைக்கிறவர்கள் 302ஐப் பயன்படுத்துகிறார்கள், அல்லது 301ஐயே ‘அதிக நேரம் நினைவில் வைக்காதே’ என்ற குறிப்போடு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு தடவையும் நாம் அவர் வழியாகவே போக வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தேவை.

ஏன் தேவை? நாம் நின்று போகும் அந்த ஒரு நொடியில் அவர் நோட்டில் ஒரு வரி எழுத முடிகிறது. எந்தத் தேதி, எத்தனை மணி. எந்த ஐபி எண்ணிலிருந்து, அதாவது இணையத்தில் நமக்கு அப்போது ஒதுக்கப்பட்ட எண்ணிலிருந்து. ஆண்ட்ராய்டா ஐபோனா, எந்த பிரவுசர். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதை பிரவுசர் சொன்னால் அதுவும். இவற்றில் எதையும் அவர் திருடுவதில்லை. எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் நம் பிரவுசர் தானாகவே ஒப்பிக்கும் விவரங்கள்தான் இவை. கிளிக் டிராக்கிங் என்று பெரிய பெயரில் விற்கப்படும் சரக்கின் அடித்தளம் இந்த ஒரு வரிக் குறிப்பு.

இந்த வரியில் நம் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. ஐபி எண்ணை வைத்து ஊரை ஊகிக்கலாம், தெருவைச் சொல்ல முடியாது. செல்போன் நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், போத்தேரியில் உட்கார்ந்து கிளிக் செய்தவர் அறிக்கையில் வேறு ஊர்க்காரராகத் தெரிவதும் உண்டு. ஆனால் ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. ஆயிரம் பேருக்கு அனுப்பும்போது எல்லாருக்கும் ஒரே டோக்கன் கொடுக்காமல், ஆளுக்கொரு தனி டோக்கன் அச்சிட்டுக் கொடுத்தால்? அப்போது டோக்கன் திரும்பி வந்ததுமே இது இன்னாருடையது என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். விளம்பர ஈமெயில்களும் பல எஸ்எம்எஸ்களும் இப்படித்தான் வருகின்றன. உங்களுக்கு வந்த லிங்க்கும் பக்கத்துச் சீட்டுக்காரருக்கு வந்த லிங்க்கும் கடைசி எழுத்துகளில் வேறுபட்டால் விஷயம் புரிந்துவிடும்.

இனி வியாபாரியின் பக்கம் வந்து உட்காருவோம். காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி மாணவர்களை நம்பி இருக்கும் மெஸ்களில் ஒன்றை நடத்துகிறவர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சாப்பாட்டுத் திட்டத்துக்கு ஒரு பக்கம் போட்டிருக்கிறார். அதன் லிங்க்கை ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார், இன்ஸ்டாகிராமில் போடுகிறார், ஸ்டேஷன் வாசலில் கொடுக்கும் நோட்டீஸில் அச்சிடுகிறார். மாதக் கடைசியில் அவருக்கு ஒரே கேள்வி: காசு போட்டு அச்சடித்த நோட்டீஸால் யாராவது வந்தார்களா? எல்லா இடத்திலும் ஒரே லிங்க்கைப் போட்டிருந்தால் விடை கிடைக்காது. வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறவர்கள் எங்கிருந்து வந்தோம் என்று பெரும்பாலும் சொல்லாமலே வருவார்கள். அச்சு நோட்டீஸைப் பார்த்துத் தட்டியவரும் அப்படியே. இருவரும் அறிக்கையில் ‘நேரடி வருகை’ என்ற ஒரே தலைப்பில் கலந்துவிடுவார்கள்.

வழி எளிது. ஒரே பக்கத்துக்கு மூன்று டோக்கன் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்புக்கு ஒன்று, இன்ஸ்டாவுக்கு ஒன்று, நோட்டீஸுக்கு ஒன்று. மூன்றும் கடைசியில் அதே சாப்பாட்டுப் பக்கத்துக்குத்தான் போகும். நோட்டில் மட்டும் தனித்தனிக் கணக்கு. நோட்டீஸ் டோக்கன் சும்மா கிடந்தால் அடுத்த மாதம் அச்சுச் செலவு மிச்சம். ஆன்லைன் மார்க்கெட்டிங் வகுப்புகளில் இதற்குப் பெரிய பெரிய படம் வரைவார்கள். அடிப்படை இவ்வளவுதான்: வாசலுக்கு ஒரு டோக்கன் வைத்தால் எந்த வாசலில் கூட்டம் என்று தெரியும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. சில நீளமான முகவரிகளின் வாலில் யுடிஎம் என்று தொடங்கும் துண்டுகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கிருந்து வந்தார், எந்த வகை ஊடகம், எந்த விளம்பரம் என்று ஒவ்வொன்றையும் அதில் எழுதிவைப்பார்கள். அர்ச்சின் என்ற நிறுவனத்தின் ஏற்பாடு அது. 2005இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கி, அதிலிருந்து கூகுள் அனலிட்டிக்ஸை உருவாக்கியது. யுடிஎம்மில் உள்ள ‘யு’ இன்னமும் அர்ச்சினுடையதுதான். இந்த வால் துண்டை வழியில் இருக்கும் நோட்டுக்காரர் படிக்க வேண்டியதில்லை. போய்ச்சேரும் பக்கத்தில் ஓடும் கணக்குக் கருவிதான் படிக்கிறது. ஆகக் கணக்கு இரண்டு இடத்தில் நடக்கிறது: வழியில் ஒன்று, வாசலில் ஒன்று. வால் துண்டில் வாட்ஸ்அப் என்பதை ஒரு நாள் பெரிய எழுத்தில் தொடங்கி, மறுநாள் சின்ன எழுத்தில் எழுதினால் கருவி அதை இரண்டு வெவ்வேறு இடமாக எண்ணும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த இரண்டு கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஷார்ட் லிங்க் அறிக்கையில் அதிகமாகவும் பக்கத்தின் கணக்கில் குறைவாகவும் இருக்கும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துப் பதறுகிறார்கள், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். நாம் நடந்துவந்த வழியை நினைத்தால் காரணம் தெரிந்துவிடும். வழியில் இருப்பவர் டோக்கன் நீட்டிய நொடியிலேயே எழுதிவிடுகிறார். அதன் பிறகு பக்கம் திறக்க நேரமாகி, பொறுமை இழந்து மூடியவர் வாசலுக்குப் போய்ச் சேரவே இல்லை. பக்கத்தின் கணக்குக் கருவியைத் தடுத்துவைக்கும் பிரவுசரோடு வந்தவர் வாசலைத் தாண்டினாலும் கணக்கில் ஏறுவதில்லை.

டோக்கனை நீட்டுவது எப்போதும் மனிதக் கை என்றும் சொல்ல முடியாது. ஃபேஸ்புக்கில் ஒரு லிங்க்கைப் போட்டதும் கீழே படமும் தலைப்பும் தெரிகின்றன அல்லவா? அதை எடுத்துவர ஃபேஸ்புக்கின் நிரல் ஒன்று அந்த லிங்க்கைத் திறந்து பார்த்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரின் போனே அனுப்புவதற்கு முன் பக்கத்தை எட்டிப் பார்த்து முன்னோட்டம் தயாரிக்கிறது. பல அலுவலகங்களில் ஈமெயில் வந்ததுமே பாதுகாப்பு மென்பொருள் அதில் உள்ள எல்லா லிங்க்கையும் தானே திறந்து சோதிக்கிறது. நல்ல சேவைகள் இந்த ரோபோக்களைக் கண்டுபிடித்துக் கழிக்கப் பார்க்கும், ஆனால் முழுக்க முடிவதில்லை. போதாததற்கு, ஒரே மாணவர் மூன்று தடவை தட்டினால் மூன்று கிளிக். ஆகவே 300 கிளிக் என்பதை 300 பேர் என்று படிக்கக் கூடாது. மூன்று வாசலில் எது பெரிது என்று ஒப்பிட மட்டும் அது உதவும். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதைக் கல்லாதான் சொல்லும்.

நோட்டு யாரிடம் இருக்கிறது என்பதை இப்போது பார்ப்போம். ஸ்டாண்ட்காரர் ஒருநாள் கடையைக் கட்டிக்கொண்டு நோட்டோடு போய்விட்டால் நம் கையில் இருப்பது வெறும் காகிதம். இது நடக்காத கதை அல்ல. கூகுளே 2009இல் ஒரு ஷார்ட் லிங்க் சேவையைத் தொடங்கியது. கூகுள் நடத்துவதுதானே என்று நம்பி உலகமெல்லாம் அதைப் புத்தகங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அச்சிட்டார்கள். 2018இல் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, 2019 மார்ச்சோடு புது லிங்க் கொடுப்பது நின்றது. 2025 ஆகஸ்ட் 25க்குப் பிறகு பழைய லிங்க்குகளும் வேலை செய்யாது என்று 2024இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே கடைசி நேரத்தில் சற்றே இறங்கிவந்து, புழக்கத்தில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைப்பதாகச் சொன்னார்கள். யாரும் தொடாமல் கிடந்தவை போயின. அவை சுட்டிய பக்கங்கள் பலவும் இன்றும் அப்படியே இருக்கலாம். இல்லாமல் போனது வழி மட்டும்தான்.

நோட்டுக்காரருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். பிட்லியின் முகவரியில் கடைசியாக வரும் ‘லி’ லிபியா நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட பின்னொட்டு. 2010இல் அதே பின்னொட்டில் இயங்கிய விபி.லி என்ற வேறொரு ஷார்ட் லிங்க் சேவையின் பெயரை, தங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று லிபியப் பதிவகம் பறித்துக்கொண்டது. அதன் எல்லா டோக்கனும் ஒரே நாளில் செல்லாக்காசு.

நம் பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. கூடுவாஞ்சேரிக்கும் போத்தேரிக்கும் இடையில், ஜி.எஸ்.டி. சாலையில் எஸ்டான்சியா வளாகத்திலிருந்து இயங்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் கதை அது. 2018 செப்டம்பர் 24 அன்று ஜோஹோவின் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்கப் பதிவு நிறுவனம், ஜோஹோ மெயிலைப் பயன்படுத்திச் சிலர் மோசடிக் கடிதம் அனுப்புவதாக வந்த புகார்களைக் காரணம் காட்டி, அந்தப் பெயரையே நிறுத்திவைத்தது. ஜோஹோவின் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் பெயரைச் சொல்லி வருகிறவர்களுக்கு வழிகாட்டும் வரி அழிந்துவிட்டது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களின் அலுவலக வேலை பல மணி நேரம் தடுமாறியது. ஜோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து உதவி கேட்க வேண்டியதாயிற்று. பிறகு பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். இது ஷார்ட் லிங்க் விவகாரம் இல்லை. ஆனாலும் பிறர் கையில் உள்ள நோட்டில் நம் வரி இருந்தால் என்ன ஆகும் என்பது இதைவிடத் தெளிவாகத் தெரியாது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

அதே ஜோஹோவிடம் கற்க இன்னொன்றும் உண்டு. விளம்பர ஈமெயில் அனுப்பிக் கிளிக் எண்ணும் மென்பொருளை அவர்களும் விற்கிறார்கள். ஆனால் 2020இல் தங்கள் தளங்களிலிருந்து பிற நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்களை எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். இரண்டும் முரண் போலத் தோன்றும். முரண் இல்லை. தன் கடைக்கு வந்தவரைக் கடைக்காரர் எண்ணுவது ஒன்று. பத்துக் கடை வாசலிலும் ஒரே ஆள் உட்கார்ந்து, இவர் காலையில் அங்கே போனார், மாலையில் இங்கே வந்தார் என்று கோத்து வைப்பது வேறொன்று. ஒரு பொதுச் சேவையின் ஷார்ட் லிங்க்கைப் பயன்படுத்தும்போது நம் வாடிக்கையாளர்களை யாருடைய நோட்டுக்கு அனுப்புகிறோம் என்று யோசிப்பது வியாபாரியின் பொறுப்பு.

இந்த இடத்தில் டீக்கடைக் கல்லாவைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் யுபிஐ கியூஆர் அட்டை டோக்கன் இல்லை. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் கடைக்காரரின் யுபிஐ முகவரியே நேராக எழுதப்பட்டிருக்கிறது. அச்சடித்த கடை நாளை மூடிவிட்டாலும் அட்டை வேலை செய்யும். ஆனால் மெனுவுக்கும் விளம்பரத்துக்கும் ‘டைனமிக் கியூஆர்’ என்று செய்து தருகிறார்களே, அதற்குள் இருப்பது ஒரு ஷார்ட் லிங்க். உள்ளே போகும் பக்கத்தை விரும்பும்போது மாற்றலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று எண்ணலாம். எல்லாம் நோட்டு இருப்பதால்தான். இலவசக் காலம் முடிந்து சந்தா கட்டாவிட்டால், ஃபிளெக்ஸ் போர்டில் அடித்த கட்டங்கள் அப்படியே இருக்க, வழி மட்டும் அடைபட்டுவிடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எது வண்டி, எது டோக்கன் என்று அச்சடிக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளராக நாம் கவனிக்க வேண்டியதும் உண்டு. டோக்கன் எண்ணைப் பார்த்து வண்டி எது என்று தெரியாததைப் போல, ஷார்ட் லிங்க்கைப் பார்த்து எங்கே போகும் என்று தெரியாது. மோசடிக்காரர்களுக்கு இது வசதி. ஆனால் திறக்காமலே நோட்டை எட்டிப் பார்க்கச் சில வழி உண்டு. பிட்லி லிங்க்கின் கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்த்துத் தட்டினால் அது போகும் இடத்தைக் காட்டும். டைனியுஆர்எல்லில் முகவரிக்கு முன்னால் ‘ப்ரிவியூ’ என்ற சொல்லையும் ஒரு புள்ளியையும் சேர்த்தால் முன்னோட்டம் வரும். நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபர் 1 முதல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் லிங்க் இருந்தால், அது முன்பே பதிவு செய்யப்பட்ட லிங்க்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தியே போகாது. ஆனால் இந்தத் தடை வாட்ஸ்அப்பில் வருவதற்குப் பொருந்தாது. தனி எண்ணிலிருந்து வரும் செய்திக்கும் பொருந்தாது. தவறிப்போய்ப் பணம் இழந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

டோக்கன் எண்ணை ஊகிக்கவும் முடியும் என்பதையும் சொல்லிவிடுவோம். மார்ட்டின் ஜார்ஜீவ், விட்டாலி ஷ்மாட்டிகோவ் என்ற இரு ஆய்வாளர்கள், 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, ஐந்தாறு எழுத்து டோக்கன்களை இஷ்டத்துக்குத் தட்டிப் பார்த்தார்கள். 5,680 கோடி நமக்குப் பெரிய எண், இயந்திரத்துக்கு அவ்வளவு பெரிதல்ல. பிறருடைய ஆன்லைன் கோப்புகளும், வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வழி தேடிய மேப்புகளும் கிடைத்தன. அதன் பிறகு கூகுள் மேப் தன் டோக்கன் நீளத்தைக் கூட்டியது. யாருக்கும் தெரியாது என்று நம்பி, குடும்ப ஆவணங்களை ஷார்ட் லிங்க்கின் பின்னால் வைக்கக் கூடாது.

இவ்வளவும் கேட்டு, ஷார்ட் லிங்க்கே வேண்டாம் என்று முடிவுக்கு வர வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் இன்று போட்டு நாளை மறக்கும் செய்திக்கு எந்தப் பொதுச் சேவையும் போதும். ஆனால் போர்டிலோ விசிட்டிங் கார்டிலோ சாப்பாட்டு டப்பாவிலோ அச்சாகப்போகும் முகவரி என்றால், நோட்டு நம் பெயரில் இருக்க வேண்டும். அது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. சொந்தப் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணையப் பெயர் வாங்கி, அதிலேயே ‘மெனு’, ‘மாதச்சாப்பாடு’ என்று வாயால் சொல்லக்கூடிய சின்னப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்து, அங்கிருந்து வழிமாற்றம் கொடுத்துவிடலாம். எண்ணிக்கையும் நம்மிடமே இருக்கும். தீபாவளி ஆர்டர் நேரத்தில் அதே முகவரியை வேறு பக்கத்துக்குத் திருப்பவும் முடியும். பல ஷார்ட் லிங்க் சேவைகளே நம் டொமைனை இணைத்துக்கொள்ள இடம் கொடுக்கின்றன. சேவையை மாற்றினாலும் அச்சடித்தது வீணாகாது, எந்த டோக்கனுக்கு எந்தப் பக்கம் என்ற பட்டியலின் நகல் மட்டும் நம்மிடம் இருக்க வேண்டும். டொமைன் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் நாளில் இவை இன்னும் தயாராகவில்லை என்றால், அச்சகத்துக்காரரை இரண்டு நாள் பொறுக்கச் சொல்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.